தெய்வமும் உண்டுகொல்? நன்மை, தீமை, கடவுள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரை நீதிமன்றங்களில் முப்பத்தொரு ஆண்டுகள் வழக்கறிஞராக இருந்தேன். சாட்சியை எடைபோடுவதே பிழைப்பாக இருந்தது. தொழிலை விட்ட பிறகு ஞாயிறு மாலைகளில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஏழெட்டுப் பேர் கூடிப் பழைய நூல்களைப் படிக்கிறோம். பாத்திரக் கடைக்காரர், தமிழாசிரியை, சைவ சித்தாந்தம் கற்ற ஒருவர், ஒரு பாதிரியார், இளமையிலேயே கடவுளை மறுத்துவிட்ட பெரியவர் என்று பலவகையானவர்கள். எதைப் படித்தாலும் பேச்சு ஒரே இடத்தில் வந்து நின்றுவிடுகிறது. உலகில் இவ்வளவு தீமை இருக்கிறதே, இவ்வளவு நன்மையும் இருக்கிறதே, இவை கடவுளைப் பற்றி எதையாவது காட்டுகின்றனவா? அங்கே திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றையும் என் பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

இது மேல்நாட்டுக் கேள்விதானே? நம் மரபில் இப்படிக் கேட்பது உண்டா?

எங்கள் ஊர்த் தெருவிலேயே கேட்கப்பட்ட கேள்வி இது. கோவலன் வெட்டுப்பட்டதைக் கேட்டு, மிஞ்சிய ஒற்றைச் சிலம்பைக் கையில் ஏந்திக் கண்ணகி மதுரை வீதியில் நடக்கிறாள். இந்த ஊரில் பெண்டிரும் உண்டோ, சான்றோரும் உண்டோ என்று முதலில் கேட்கிறாள். மூன்றாவதாக, 'வைவாளின் தப்பிய மன்னவன் கூடலில் தெய்வமும் உண்டுகொல்' என்கிறாள். கூர்வாளால் தவறிழைத்த மன்னனின் ஊரில் தெய்வம் என்று ஒன்று இருக்கிறதா? கண்ணெதிரே நடந்த அநீதியை வைத்துக்கொண்டு அவள் தெய்வத்தின் இருப்பையே கேட்கிறாள்.

புறநானூற்றின் 194ஆம் பாட்டு வேறு வழியில் போகிறது. ஒரு வீட்டில் சாவுப்பறை, இன்னொரு வீட்டில் மண முழவு. ஒருத்தி பூச்சூடி நிற்கிறாள், இன்னொருத்தியின் கண்ணில் நீர் நிற்கவில்லை. இப்படிப் படைத்தவனைப் பக்குடுக்கை நன்கணியார் 'படைத்தோன் மன்ற அப் பண்பிலாளன்' என்கிறார். படைத்தவன் இல்லை என்று அவர் சொல்லவில்லை. அவனுக்குப் பண்பு இல்லை என்கிறார். வள்ளுவரோ, இரந்துதான் உயிர்வாழ வேண்டுமென்றால் 'பரந்து கெடுக உலகியற்றியான்' என்று சபித்தேவிடுகிறார். ஒருத்தி இருப்பை ஐயுறுகிறாள், ஒருவர் பண்பை மறுக்கிறார், மற்றவர் சபிக்கிறார். இந்த மூன்றும் மூன்று வேறு நிலைகள் என்பதைப் படிக்கும்போது மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மேற்கே கிரேக்கரான எபிகூரஸின் பெயரால் இந்தக் கேள்வி வழங்கிவருகிறது: தீமையைத் தடுக்கக் கடவுளுக்கு விருப்பம் இருந்தும் வல்லமை இல்லையா, வல்லமை இருந்தும் விருப்பம் இல்லையா? இரண்டும் இருந்தால் தீமை எங்கிருந்து வந்தது? டேவிட் ஹியூம் இதை எடுத்தாண்ட நூல் அவர் இறந்தபின் 1779இல் வெளிவந்தது.

'சான்று' என்கிறீர்களே, நிரூபணத்தையா சொல்கிறீர்கள்?

இல்லை. இந்தக் குழப்பம் தீராமல் பேசினால் விடிய விடியப் பேசினாலும் பயன் இல்லை.

கண்ணகி வழக்கையே எடுத்துக்கொள்வோம். கோவலன் கையில் ஒரு சிலம்பு இருந்தது, அரசியின் சிலம்பு ஒன்று காணாமல் போயிருந்தது. இரண்டும் வெளிப்பார்வைக்கு ஒரே மாதிரி இருந்தன. 'கோவலன் கள்வன்' என்றாலும் அவன் கையில் அப்படியொரு சிலம்பு இருக்கும். 'அது அவன் மனைவியின் சிலம்பு' என்றாலும் இருக்கும். இரண்டு கூற்றுக்கும் சமமாகப் பொருந்துவது எதற்கும் சான்று ஆகாது. பாண்டியன் அதை வைத்தே ஓர் உயிரை எடுத்துவிட்டான்.

கண்ணகி அவைக்கு வந்து 'என்கால் பொற்சிலம்பு மணியுடை அரியே' என்கிறாள். தன் சிலம்பின் உள்ளே இருக்கும் பரல் மாணிக்கம். அரசன் 'யாமுடைச் சிலம்பு முத்துடை அரியே' என்கிறான். இப்போதுதான் இரண்டு கூற்றும் பிரிகின்றன. உடைத்தால் முத்து வந்தால் ஒன்று, மாணிக்கம் வந்தால் மற்றொன்று. மாணிக்கம் தெறித்தது.

சான்று என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் எந்தச் சட்டப் புத்தகத்திலும் கண்டதில்லை. ஒரு கூற்று உண்மையானால் எதிர்பார்க்கத்தக்கது, மற்றது உண்மையானால் எதிர்பாராதது. அதுவே சான்று. பாதிரியாராகவும் கணக்கறிஞராகவும் இருந்த தாமஸ் பேயஸ் எழுதி, அவர் மறைந்தபின் 1763இல் வெளியான கட்டுரையின் வழியாக இந்த எண்ணம் கணித வடிவம் பெற்றது. சான்றுக்கு அளவு உண்டு. கொஞ்சம் சாய்க்கும் சான்று இருக்கிறது, முற்றிலும் சாய்க்கும் சான்றும் இருக்கிறது. கொலை வழக்கில் ஐயத்துக்கு இடமில்லாமல் மெய்ப்பிக்க வேண்டும், வரப்புத் தகராறில் எந்தப் பக்கம் கூடுதலாக நம்பத்தக்கது என்று காட்டினால் போதும். கடவுளைப் பற்றிய விஷயத்தில் நமக்குக் கிடைக்கக்கூடியது இரண்டாவது வகை மட்டுமே.

அப்படியானால் தீமை கடவுளுக்கு எதிரான சான்றா?

ஆம். ஆனால் எந்தக் கடவுளுக்கு எதிராக என்று சொல்லியாக வேண்டும்.

எல்லாம் வல்லவர், எல்லாம் அறிந்தவர், ஒவ்வோர் உயிரின் மீதும் தாய்போல் அன்புள்ளவர் என்ற கடவுளை எடுத்துக்கொள்வோம். அப்படி ஒருவர் இருந்தால், குற்றமற்றவர்களின் கொடுந்துயரம் நாம் எதிர்பாராத ஒன்று. அப்படி ஒருவரும் இல்லை, இயற்கை தன் போக்கில் போகிறது என்றால், துயரம் நல்லவன் கெட்டவன் பாராமல் விழுவது எதிர்பார்த்ததே. ஆகவே அது இரண்டாவது கூற்றின் பக்கம் சாய்க்கிறது. இதை மறுக்க எனக்கு நேர்மையான வழி தெரியவில்லை.

இதை அவ்வளவு பலமாகச் சொல்லக்கூடாது என்று ஒருவர் சொல்லலாம். 1955இல் ஜே. எல். மேக்கி என்ற ஆஸ்திரேலிய மெய்யியலார் அதைவிடப் பலமாகவே சொன்னார்: தீமையும் அத்தகைய கடவுளும் சேர்ந்து இருப்பது தருக்க முரண். சுதந்திரமுள்ள உயிர்களைப் படைத்தால் சில தீமைகளைத் தவிர்க்க இயலாமல் போகலாம் என்று காட்டி, ஆல்வின் பிளாண்டிங்கா 1970களில் அந்த முரணை உடைத்தார். பலரும் அதை ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் முரண் இல்லை என்பதால் சான்று இல்லை என்று ஆகிவிடாது. 1979இல் வில்லியம் ரோ ஒரு மான்குட்டியைக் கண்முன் நிறுத்தினார். காட்டுத்தீயில் வெந்து, யாரும் காணாமல் பல நாள் துடித்துச் சாகும் மான்குட்டி. அதன் வேதனையால் யார் திருந்தினார்கள், யாருக்கு என்ன பாடம்? கோடையில் போடி பக்கத்து ஊர்களிலிருந்து இரவில் மலையைப் பார்த்தால் தீ மாலைபோல் வளைந்து எரிவது தெரியும். அதைக் காணும்போதெல்லாம் எனக்கு அந்த மான்குட்டி நினைவுக்கு வருகிறது.

எங்கள் குலதெய்வத்துக்கும் இந்த வாதம் பொருந்துமா?

பெரும்பாலும் பொருந்தாது. அழகர்கோயில் பதினெட்டாம்படிக் கருப்பரின் முன் பொய்ச் சத்தியம் செய்ய இன்றும் மக்கள் அஞ்சுகிறார்கள். அவருக்குக் கோபம் உண்டு, எல்லை உண்டு, காவல் உண்டு. பிரபஞ்சம் முழுவதற்கும் அவரைப் பொறுப்பாளி என்று யாரும் சொன்னதில்லை. பொறுப்பே இல்லாதவர்மீது வழக்கு நிற்காது.

முன்வினை என்று சொல்லிவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமே?

எங்கள் மாடியில் மிக அதிகமாகப் பேசப்பட்ட பதில் இது. நான் மிக அதிகமாக வருந்தியதும் இதில்தான்.

முதலில் இதன் வலிமையைச் சொல்லிவிடுகிறேன். கண்ணகிக்கு மதுரையிலேயே இந்த விடை தரப்பட்டது. ஊர் எரியும்போது மதுராபதித் தெய்வம் அவள் பின்னால் வந்து நின்று பழங்கதை சொல்கிறது. முற்பிறப்பில் கோவலன் பரதன் என்ற பெயரோடு கலிங்க நாட்டுச் சிங்கபுரத்தில் அரச ஊழியனாக இருந்தான். வணிகம் செய்யவந்த சங்கமன் என்பவனைப் பகைவரின் ஒற்றன் என்று காட்டிக்கொடுத்துக் கொல்வித்தான். சங்கமனின் மனைவி நீலி பதினான்கு நாள் அழுது திரிந்து, மலையேறி விழுந்து உயிர்விடும்போது இட்ட சாபம் இப்போது பலித்தது. காரணமில்லாத துயரம் இல்லை என்று இது சொல்கிறது. அந்த அளவில் ஆறுதல்தான்.

ஆனால் கதையை நிதானமாகப் படியுங்கள். சங்கமன் ஒற்றன் அல்லன். அவனும் பொய்ப் பழியால் செத்தவனே. அவன் எதற்காகச் செத்தான்? மதுராபதி சொல்லவில்லை. அதற்கும் ஒரு முற்பிறப்பு என்றால் சங்கிலி பின்னோக்கி நீண்டுகொண்டே போகும், விடை தள்ளிப்போகுமே தவிர வராது. கண்ணகி என்ன தவறு செய்தாள்? புகாரில் அவள் தோழி தேவந்தி அதற்கு ஒரு காரணம் சொல்லியிருந்தாள்: முற்பிறப்பில் கணவனுக்காக நோற்க வேண்டிய ஒரு நோன்பைத் தவறவிட்டாய் என்று. தவறிப்போன ஒரு நோன்புக்கு இதுவா தண்டனை? எந்த நீதிபதியாவது இப்படித் தீர்ப்பு எழுதியிருந்தால் மேல்முறையீட்டில் ஒரு நாளும் நிற்காது.

இன்னொன்றும் இருக்கிறது. மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளைப் பாருங்கள். கீழக்குயில்குடி சமணர் மலை, ஆனைமலை எங்கும் சமண முனிவர்களின் படுக்கைகளும் தீர்த்தங்கரர் உருவங்களும் இருக்கின்றன. வினை தன் பயனைத் தானே தரும், உலகைப் படைத்த கடவுள் ஒருவர் தேவையில்லை என்றவர்கள் அவர்கள். ஆக, வினைக்கொள்கை தீமையின் கூர்மையைக் கடவுள்மீது படாமல் விலக்குகிறது. விலக்கும்போதே கடவுளுக்கு அங்கே வேலை இல்லாமலும் செய்துவிடுகிறது. சித்தாந்தம் படித்த நண்பர் இதற்கு விடை சொல்கிறார். வினை சடம், அறிவற்ற பொருள். பயனைக் கொண்டுவந்து சேர்க்க அறிவுள்ள ஒருவர் வேண்டும். உயிரின் அறிவை மறைக்கும் அழுக்கான ஆணவமோ கடவுள் உண்டாக்கியது அன்று. செம்பில் களிம்புபோல் அநாதியாக உயிரோடு ஒட்டியிருப்பது. அதைக் கழற்றவே இறைவன் உலகைத் தந்து உழைக்கிறான். இந்த விடையில் உள்ளபடியே சரக்கு இருக்கிறது. தீமையின் மூலத்தை இறைவனுக்கு வெளியே வைத்துவிடுகிறது அல்லவா? அதற்குரிய விலையையும் கொடுக்கிறது: இறைவனால் ஒரே நொடியில் கழற்ற முடியாத ஒன்று இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறது. மேக்கியும் எபிகூரஸும் குறிவைத்த கடவுள் இவர் அல்லர்.

1606இல் மதுரைக்கு வந்த இத்தாலியப் பாதிரியார் ராபர்ட் தெ நொபிலி மறுபிறவிக் கொள்கையை மறுத்துத் தமிழில் தனி நூலே எழுதினார். இந்த விவாதம் எங்கள் ஊருக்குப் புதிதே அன்று.

சான்று என்ற கோணத்தில் என் தீர்ப்பு இது. என்ன நடந்தாலும் 'முன்வினை' பொருந்தும். நல்லவன் வாழ்ந்தாலும் பொருந்தும், செத்தாலும் பொருந்தும். எந்தச் சிலம்பை உடைத்தாலும் நாம் சொன்ன பரலே வரும் என்றால், உடைத்துப் பார்ப்பதில் பொருள் இல்லை.

என் அக்காவின் மகன் ஒன்பது வயதில் மூளைக்காய்ச்சலில் இறந்தான். துக்கத்துக்கு வந்தவர்களில் இருவர், என்ன பாவம் செய்தாளோ என்று அவள் காதுபடவே பேசினார்கள். பத்து ஆண்டுகள் கழித்து ஒரு நாள் பூக்கட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, "தம்பி, நீ சட்டம் படித்தவன். நான் என்ன செய்தேன் என்று உனக்குத் தெரிந்தால் சொல்லிவிடு" என்றாள். தத்துவம் என்ற அளவில் முன்வினையோடு எனக்கு வாதம்தான் உண்டு. அதைத் துக்க வீட்டில் எடுத்துப் பேசுவதை நான் மன்னிக்கத் தயாராக இல்லை.

விவிலியத்தில் பெருந்துயரில் விழுந்த யோபுவிடம் வந்த நண்பர்களும் 'நீ குற்றம் செய்திருப்பாய், இல்லாவிட்டால் இப்படி நேருமா' என்றுதான் வாதாடினார்கள். கதையின் முடிவில் கடவுள் அந்த நண்பர்களின்மேல்தான் சினம் கொள்கிறார்.

மனிதனுக்குச் சுதந்திரம் தந்ததால் வந்தது தீமை என்கிறார்களே?

பாதி சரி. தாது வருடப் பஞ்சத்தை வைத்து இதைச் சோதிக்கலாம்.

1876இல் மழை பொய்த்தது. பசிபிக் கடலின் வெப்பநிலை மாறி எல் நினோ வலுவாக அமைந்ததால் பருவமழை தவறியது என்று இன்று அறிவோம். இதில் எந்த மனிதனின் சுதந்திரமும் இல்லை. ஆனால் 1878 வரை நீண்ட பஞ்சத்தில் இந்தியாவில் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் மடிந்தார்கள் என்று மதிப்பிடுகிறார்கள். அதற்கு மழை மட்டும் காரணம் இல்லை. அந்த ஆண்டுகளிலும் தானியம் கப்பலேறி இங்கிலாந்துக்குப் போனது. நிவாரண வேலையில் கல்லுடைத்தவனுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு, அதாவது ஏறத்தாழ 450 கிராம் தானியம் போதும் என்று ஆங்கிலேய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் கூலியைக் குறைத்தார். இது மனிதர்கள் கூடி உட்கார்ந்து எடுத்த முடிவு.

இரண்டாவது பங்குக்குச் சுதந்திரம் என்ற விடை பொருந்துகிறது. முதல் பங்குக்குப் பொருந்தாது. மழைக்கு விருப்பு வெறுப்பு கிடையாது. உலகம் நிலையான விதிகளின்படி இயங்கினால்தான் மனிதன் எதையும் திட்டமிட முடியும், அந்த விதிகளின் விலையே பஞ்சமும் பூகம்பமும் என்று சிலர் விளக்குகிறார்கள். விதிகள் வேண்டும் என்பதை ஏற்கிறேன். மூளைக்காய்ச்சல் எந்தத் திட்டமிடலுக்கு உதவுகிறது என்று தெரியவில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. மேற்கே ஓடிக் கடலில் கலந்த பெரியாற்று நீரை மலையைக் குடைந்து வைகைப் படுகைக்குத் திருப்பும் வேலை 1887இல் தொடங்கி 1895இல் முடிந்தது. அதை முன்னின்று முடித்த ஆங்கிலேயப் பொறியாளர் ஜான் பென்னிகுயிக்கின் படத்துக்குக் கம்பம் பள்ளத்தாக்கில் இன்றும் பொங்கல் வைக்கிறார்கள். சுதந்திரம் உள்ள இடத்தில் இதுவும் நடக்கிறது.

துன்பம் மனிதனைப் பக்குவப்படுத்தத்தானே வருகிறது?

மதுரைக்காரர்கள் இதற்கு உடனே ஓர் ஆளைக் காட்டுவார்கள். டாக்டர் கோவிந்தப்ப வேங்கடசாமி மகப்பேறு மருத்துவராக விரும்பியவர். முடக்குவாதம் வந்து விரல்கள் கோணிப்போயின. கண் மருத்துவத்துக்கு மாறினார், அந்த விரல்களாலேயே கத்தி பிடிக்கப் பழகினார், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகள் செய்தார். அரசுப் பணியில் ஓய்வு பெற்றபின் 1976இல் பதினோரு படுக்கைகளோடு அவர் தொடங்கியதுதான் அரவிந்த் கண் மருத்துவமனை. அந்த நோய் வராதிருந்தால் எத்தனை பேர் இருட்டில் இருந்திருப்பார்கள்? கேள்வி நியாயமானது. நானே அங்கே கண்புரை நீக்கிக்கொண்டவன், நன்றியோடு சொல்கிறேன்.

ஆனால் அதே நோய் வந்து, கட்டிலோடு கட்டிலாகிக் கசந்துபோய் முடிந்தவர்களையும் நம் தெருக்களில் பார்த்திருக்கிறோம். துன்பம் பக்குவப்படுத்தவே வருகிறது என்றால் அது பக்குவப்படுபவனைத் தேடி வர வேண்டும், தாங்கும் அளவோடு வர வேண்டும். அப்படி வருவதாகத் தெரியவில்லை. குழந்தைகள் பக்குவப்படும் முன்பே இறந்துபோகிறார்கள். வேங்கடசாமியின் வாழ்க்கை எனக்குக் காட்டுவது, நோயிலிருந்து நன்மையை உண்டாக்கும் மனிதர்கள் இருக்கிறார்கள் என்பதை. அந்த நன்மைக்காகவே நோய் அனுப்பப்பட்டது என்பது வேறு கூற்று, அதற்கு வேறு சான்று வேண்டும்.

கடவுளின் திட்டம் நம் சிற்றறிவுக்கு எட்டாது என்பது போதுமான விடை இல்லையா?

நேர்மையான விடை. ஆனால் இதைச் சொல்பவர் தொடர்ந்து இதிலேயே நிற்க வேண்டும்.

1755 நவம்பர் 1 அன்று, அனைத்துப் புனிதர் திருநாளில், மக்கள் தேவாலயங்களில் கூடியிருந்தபோது லிஸ்பன் நகரம் பூகம்பத்தில் சரிந்தது. ஐரோப்பாவின் நம்பிக்கையையே அது உலுக்கியது. நமக்கு 2004 டிசம்பர் 26, சுனாமி. கிறிஸ்துமஸுக்கு வேளாங்கண்ணி போயிருந்த யாத்திரிகர்கள் பலர் கடற்கரையில் மடிந்தார்கள். பேராலயத்துக்குள் கடல் புகவில்லை, இதுவே அற்புதம் என்று பலர் சொன்னார்கள். எங்கள் ஊரிலும் 2022 ஏப்ரல் 16 அன்று அழகர் ஆற்றில் இறங்கிய நேரத்தில் நெரிசலில் இருவர் உயிரிழந்தார்கள். பத்திரமாக வீடு திரும்பியவர்கள் அழகர் காப்பாற்றினார் என்றார்கள்.

தப்பியதைக் கடவுளின் செயல் என்று கணக்கில் எழுதிவிட்டு, செத்ததை நமக்குப் புரியாதது என்று கணக்கிலிருந்து விட்டுவிட முடியாது. ஒரே சாட்சி சொன்னதில் நமக்குச் சாதகமான வரிகளை மட்டும் படித்துக்காட்டினால் எதிர்த்தரப்பு சும்மா இருக்குமா? கடவுளின் நோக்கம் எட்டாது என்றால் இரண்டுமே எட்டாது. அப்போது தீமை சான்று ஆகாது, நன்மையும் சான்று ஆகாது. மழை பெய்தது, மகள் பிழைத்தாள், வேலை கிடைத்தது என்று எதையும் காட்ட முடியாது. இந்த நிலையில் உறுதியாக நிற்கும் பக்தர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தலைவணங்குகிறேன். பெரும்பாலோர் நிற்பதில்லை.

மறுப்பவர்களுக்கும் இதே தராசுதான். தீமையைச் சான்றாக ஏற்கச் சொன்னால், நன்மையையும் சான்றாக எடைபோட ஒப்ப வேண்டும்.

நல்லதையும் கெட்டதையும் கூட்டிக் கழித்தால் தெரிந்துவிடாதா?

தெரியாது. ஒருவன் பத்துப் பேருக்குச் சோறு போட்டான் என்பதால் பதினொன்றாவது ஆளைக் குத்தியது இல்லாமல் போகாது. எவ்வளவு என்பதைவிட யாருக்கு, ஏன் என்பதே இங்கே கேள்வி.

சரி, நன்மை எதற்குச் சான்று?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் குறைவு. அதனால்தான் இதில் கொஞ்சம் நின்று பேச விரும்புகிறேன்.

பாண்டிய மரபினரான கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி ஒரு பாட்டு விட்டுப் போயிருக்கிறார். 'உண்டால் அம்ம இவ்வுலகம்' என்று வியப்போடு தொடங்குகிறார். இந்த உலகம் இன்னும் இருக்கிறதே, எப்படி? தமக்கென முயலாமல் 'பிறர்க்கென முயலுநர் உண்மையானே' என்று முடிக்கிறார். பக்குடுக்கை நன்கணியார் தீமையைக் கண்டு படைத்தவனை நோக்கி விரல் நீட்டினார். இவரோ நன்மையைக் கண்டு, உலகம் நிலைத்திருப்பதற்கே விளக்கம் தேடுகிறார். விளக்கம் தேடியவர் கைநீட்டியது மனிதர்களை நோக்கி.

தாது வருடப் பஞ்சத்தில் மதுரையில் குஞ்சரம் என்ற தாசி தன் நகைநட்டையெல்லாம் விற்றுப் பசித்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றினாள் என்று இந்த ஊரில் இன்றும் சொல்கிறார்கள். ஊர் அவளுக்கு மரியாதை எதுவும் தந்ததில்லை. திருப்பித் தரக்கூடியவர்கள் யாரும் அவள் வாசலில் நிற்கவில்லை. இயற்கை மட்டுமே உள்ள உலகில் இதை எதிர்பார்க்க முடியுமா? ஓரளவு முடியும். தன் குஞ்சைக் காக்கும் பறவை, தன் கூட்டத்துக்கு உதவும் விலங்கு, இவற்றைப் பரிணாமம் நன்றாகவே விளக்குகிறது. அந்தப் பரிவு எல்லை தாண்டி வழிந்து அயலார்வரை போவதையும் ஒருவாறு விளக்கலாம். ஆனாலும் தன்னை அழித்துக்கொண்டு முன்பின் தெரியாதவனைக் காப்பது, அதைக் காணும்போது நம் எல்லோர் தொண்டையும் அடைத்துக்கொள்வது, இது அந்தக் கூற்றில் எதிர்பார்த்ததைவிடச் சற்று அதிகம் என்றே நினைக்கிறேன். ஆகவே நன்மை, அன்பான ஏதோ ஒன்றின் பக்கம் கொஞ்சம் சாய்க்கிறது. பஞ்சத்தின் எடைக்கு அது ஈடாகிறது என்று சொல்ல மாட்டேன். எடையே இல்லை என்றும் சொல்ல மாட்டேன்.

தமிழில் ஒரு பொருத்தம் உண்டு. 'சால்' என்ற ஒரே வேரிலிருந்துதான் சான்றும் வருகிறது, சான்றோரும் வருகிறார்கள். கண்ணகி 'சான்றோரும் உண்டுகொல்' என்று கேட்ட பிறகே 'தெய்வமும் உண்டுகொல்' என்று கேட்டாள். அந்த ஊரில் ஒரு சான்றோர் எழுந்து, 'விசாரிக்காமல் வெட்டாதே' என்று சொல்லியிருந்தால் மூன்றாவது கேள்விக்கு அவள் போயிருக்கவே மாட்டாள் என்று தமிழாசிரியை ஒரு நாள் சொன்னார். அன்று அதற்கு மேல் நாங்கள் படிக்கவில்லை.

கடவுள் இல்லையென்றால் 'தீமை' என்ற சொல்லுக்கே அளவுகோல் இல்லை அல்லவா?

இந்த வாதத்தைப் பாதிரியார் நண்பர் அடிக்கடி வைப்பார். கடவுள் சொன்னதால் கொலை தீமையா, கொலை தீமை என்பதால் கடவுள் அதை விலக்கினாரா? முதலாவது என்றால், நாளை அவர் மாற்றிச் சொன்னால் கொலை நன்மையாகிவிடும். இரண்டாவது என்றால், அளவுகோல் அவருக்கு முன்பே இருக்கிறது. கிரேக்கத்தில் சாக்ரடீஸின் பெயரால் வழங்கும் கேள்வி இது. அளவுகோல் கடவுளின் இயல்பிலேயே இருக்கிறது என்று நண்பர் விடை சொல்கிறார். இருக்கலாம். பாண்டியனிடம் எந்த மறைநூலையும் காட்டாமல், சிலம்பை மட்டும் உடைத்துக் காட்டியபோது, 'யானோ அரசன் யானே கள்வன்' என்று அவனே தன் வாயால் சொல்லி விழுந்தான் என்பதை மட்டும் குறிப்பிட்டு மேலே செல்கிறேன்.

கடவுளும் நம்மோடு துன்பப்படுகிறார் என்றால்?

வைகை பெருகிக் கரையை உடைத்தபோது வீட்டுக்கு ஓர் ஆள் மண் சுமக்க வேண்டும் என்று பாண்டியன் கட்டளையிட்டான். ஆள் இல்லாத கிழவி வந்திக்காகச் சிவபெருமான் உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பெற்று மண் சுமந்தார். வேலை செய்யாமல் ஆடிப்பாடித் திரிந்தவரை அரசன் பிரம்பால் அடித்தான். அந்த அடி அரசன் முதுகிலும் விழுந்தது, ஊரார் எல்லோர் முதுகிலும் விழுந்தது. ஆவணி மூலத் திருவிழாவில் புட்டுத்தோப்பில் ஆண்டுதோறும் இதை நடத்திக் காட்டுகிறோம். சிலுவையைப் பற்றிப் பாதிரியார் பேசும்போதும் இதற்கு மிக அருகில்தான் வருகிறார்.

அடிக்கிற இடத்தில் கடவுள் இல்லை, அடிபடுகிற இடத்தில் இருக்கிறார் என்பது மிகப் பெரிய எண்ணம். என் அக்காவுக்கு முன்வினையைவிட இந்தக் கதைதான் துணையாக இருந்தது. ஆனால் கேட்ட கேள்விக்கு இது விடையா என்றால், பாதிதான். உடன் இருக்கிறார் என்பதை இது சொல்கிறது. வெள்ளத்தை ஏன் வரவிட்டார் என்பதைச் சொல்லவில்லை. திருவிளையாடலில் அந்த வெள்ளத்தை அனுப்பியவரே அவர்தான்.

கடைசியாக, நீங்கள் நம்புகிறீர்களா?

எல்லாம் வல்ல, ஒவ்வொரு குழந்தையையும் கவனித்துக்கொண்டிருக்கும் கடவுள் என்ற கூற்றுக்கு எதிராகத் தீமையின் எடை அதிகம் என்று தீர்மானித்திருக்கிறேன். எல்லை உள்ள, நம்மோடு சேர்ந்து உழைக்கும் ஒன்று இருக்கலாம் என்பதை நன்மையின் எடை திறந்து வைத்திருக்கிறது. அதற்கு மேல் என்னிடம் சாட்சி இல்லை. மறுக்கும் பெரியவர் இதைக் கோழைத்தனம் என்கிறார், சித்தாந்த நண்பர் பாதி தூரம் வந்துவிட்டாய் என்கிறார். இருவரும் அடுத்த ஞாயிறும் வருவார்கள்.

வெள்ளிக்கிழமைகளில் அக்காவை மீனாட்சியம்மன் கோயிலுக்கு அழைத்துப் போகிறேன். அவளுக்கு எழுபத்தெட்டு வயது, படி ஏறக் கை பிடிக்க வேண்டும். சன்னதியில் அவள் கண்ணை மூடி வெகுநேரம் நிற்பாள். என்ன கேட்டாள் என்று நான் கேட்பதில்லை. திரும்பும்போது பொற்றாமரைக் குளக்கரையில் உட்கார்ந்து கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, பிறகு ஆட்டோவில் வீட்டுக்கு வந்துவிடுகிறோம்.